பாதி மாத்திரை

தீபலட்சுமி டீச்சரை நினைத்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் அவரை நான் திட்டிய கதையைச் சொல்லியாக வேண்டும். என் வாய் அப்படி. குழாயடியில் நான் வருவதைப் பார்த்தால் பாதிப்பேர் குடத்தைத் தள்ளி வைத்துக்கொள்வார்கள். பாண்டிச்செல்விக்குக் கோபம் முதலில் வரும், காரணம் பிறகுதான் வரும் என்று என் வீட்டுக்காரரே சொல்வார்.

அவர் பெயர் திருப்பதி. ஆடு வளர்க்கிறார். கொஞ்சம் கரிசல் காடும் இருக்கிறது, மழை பெய்தால் உளுந்து போடுவோம். ஆட்டுக்குட்டியை அதட்டுவதற்குக்கூட மனசு வராத மனிதர். நான் தீப்பெட்டி ஆபீஸில் பெட்டிக்குள் குச்சி அடைக்கிறேன். ஆபீஸ் என்றதும் வெளியூர்க்காரர்கள் மேசை நாற்காலி என்று நினைத்துக்கொள்கிறார்கள். தரையில் சம்மணம் போட்டுக் காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் முதுகு நிமிரும். எங்களுக்கு ஒரே மகள், காவியா. அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. ஹாக்கி ஆடுவாள். கோவில்பட்டிப் பக்கம் அது ஒன்றும் அதிசயமில்லை, ஆனால் இவள் நன்றாகவே ஆடுவாள். இந்த வருடம் மாவட்ட அணிக்கு எடுத்துவிடுவார்கள் என்று பி.டி. சார் சொல்லியிருந்தார்.

ஆவணி மாதம் ஒரு புதன்கிழமை காவியா பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து, என் கையில் கொடுக்காமல் அடுப்புமேடையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். எடுத்துப் படித்தேன். மாணவியின் பெற்றோர் நாளை பள்ளிக்கு வரவும் என்று எழுதி, அடியில் போதைப்பொருள் தடுப்பு மன்றம் என்று முத்திரை குத்தியிருந்தது. எனக்கு அந்த முதல் வார்த்தைக்குமேல் கண் போகவில்லை.

"ஏட்டி, இங்கன வா. என்னட்டி பண்ணித் தொலைச்ச?"

"ஒண்ணும் பண்ணலம்மா. டீச்சர் பேசணும்னு சொன்னாங்க."

"எம்பிள்ளையப் பாத்துப் போதைன்னு எழுதுதாளே, அவ கை வெளங்குமா?"

ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டு வந்த என் வீட்டுக்காரர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "என்னன்னு கேட்டுட்டு வா. போன உடனே சத்தம் போடாத" என்றார். சத்தம் போடாதே என்று யாராவது சொன்னால் எனக்கு இன்னும் கொஞ்சம் கூடத்தான் வரும்.

மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். வழியெல்லாம் பேச்சைத் தயார்செய்துகொண்டே போனேன். அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பேனர் கட்டுவார்கள், பிள்ளைகளை வெயிலில் நிற்கவைத்து உறுதிமொழி வாசிப்பார்கள், போட்டோ எடுப்பார்கள். போட்டோவோடு விட்டால் பரவாயில்லை, கணக்குக் காட்டுவதற்காக என் பிள்ளையையும் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

அறிவியல் ஆய்வகத்தில் டீச்சர் தனியாக உட்கார்ந்திருந்தார். ஒல்லியான பெண், என்னைவிட ஏழெட்டு வயது இளையவராக இருக்கும். உட்காருங்கள் என்று சொல்வதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன்.

"எங்க வீட்டுல வெத்தல பாக்குகூடக் கிடையாது, தெரியுமா? எங்க வீட்டுக்காரவிய பீடியத் தொட்டவிய கிடையாது. எம்மக மட்டையத் தூக்கிட்டு ஓடுதது உங்களுக்குப் பொறுக்கலையா? நாலு பேரு முன்னால அவளப் போதைக்காரின்னு சொல்லுததுக்குத்தான் கவர்மெண்டு உங்களுக்குச் சம்பளம் குடுக்குதா?"

இன்னும் என்னென்னவோ சொன்னேன். எழுதுவதற்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. நான் மூச்சு வாங்கியபோது அவர் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார்.

"காவியா மேல ஒரு தப்பும் கிடையாதும்மா. அவகிட்டக் கேட்டுட்டுத்தான் உங்களக் கூப்பிட்டேன். இதப் பாருங்க" என்று ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார்.

இந்த வருடம் அரசாங்கம் பணம் ஒதுக்கிப் பள்ளிக்கு ஒரு ஆசிரியரைத் தூத்துக்குடிக்குக் கூப்பிட்டு மூன்று நாள் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். கஞ்சா, சாராயம் என்றுதான் பேசுவார்கள் என்று இவரும் போயிருக்கிறார். ஒரு பெண் டாக்டர் அரை நாள் முழுக்க மாத்திரையைப் பற்றியே பேசினாராம். சீட்டு இல்லாமல் கடையில் வாங்கிப் போடுகிற மாத்திரை, ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவர் போடுவது, வலி போன பிறகும் நிறுத்த முடியாமல் போடுவது, எல்லாம் இந்தப் பாடத்தில்தான் வருகிறது என்று சொல்லி, ஒவ்வொரு பள்ளிக்கும் அச்சடித்த தாள்களும் கொடுத்தார்களாம். வீட்டில் என்னென்ன மாத்திரை இருக்கிறது, யார் போடுகிறார்கள், எத்தனை நாளாக, யார் வாங்கிக் கொடுத்தது என்று பிள்ளைகள் நிரப்ப வேண்டும். பெயர் எழுத வேண்டாம் என்று தாளிலேயே போட்டிருந்தது. எல்லாப் பிள்ளைகளும் அப்படியே கொடுத்துவிட்டார்கள். எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் பெயரும் வகுப்பும் எழுதி அடிக்கோடு போட்டுவிட்டுத்தான் என் மகள் அடுத்த வரிக்குப் போவாள். இரண்டாம் வகுப்பிலிருந்து நான் தலையில் குட்டிக் குட்டிப் பழக்கியது. அந்தத் தாளிலும் அப்படியே செய்திருந்தாள்.

பெயருக்குக் கீழே அவளுடைய குண்டுக் கையெழுத்தில் இப்படி இருந்தது. அம்மா, வலி மாத்திரை, காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, தினமும். நான், வலி மாத்திரை, பயிற்சிக்கு முன்னால் ஒன்று, முடிந்து ஒன்று. எத்தனை நாளாக என்ற இடத்தில் ஒரு மாதம். யார் வாங்கிக் கொடுத்தது என்ற இடத்தில், நானே.

மாத்திரையின் பெயரும் வேளையும் உண்மை. கடைசி இரண்டும் பொய்.

எங்கள் ஆபீஸில் பத்தரை மணிக்கு ஆவுடைத்தாய் அக்கா டீ கொண்டுவருவாள். தூக்குவாளியோடு ஒரு டப்பாவும் வரும். அதில் வலி மாத்திரை. தெம்பு மாத்திரை என்று நாங்களே பெயர் வைத்திருந்தோம். குனிந்தே இருந்து இடுப்பு விட்டுப்போகிறவள் ஒன்று போடுவாள், தலைவலிக்காரி ஒன்று போடுவாள், ஒன்றும் இல்லாதவளும் வரப்போவதற்கு இருக்கட்டும் என்று ஒன்று போடுவாள். வெற்றிலையைக் கிள்ளிக் கொடுப்பதுபோல ஒருத்திக்கு ஒருத்தி பாதி பாதி பகிர்ந்துகொள்வோம். அது மருந்து. மருந்துக்கும் அந்த முத்திரையில் இருந்த வார்த்தைக்கும் என்ன சம்பந்தம் என்று எங்களில் ஒருத்தியும் யோசித்ததில்லை.

போன தை மாதம் காவியா ஒருநாள் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மறுநாள் ஆட்டம். என்னிடம் இருந்த மாத்திரையைப் பல்லால் கடித்துப் பாதியை அவள் நாக்கில் வைத்தேன். காலையில் துள்ளிக்கொண்டு போனாள். இரண்டு கோல் போட்டுவிட்டு வந்தாள். அதற்குப்பிறகு வலி வரும் வரைக்கும் காத்திருக்கவில்லை. பாதி, முழுசாக ஆனது. ஒன்று, இரண்டாக ஆனது. எட்டு மாதம் என் கையால்தான் கொடுத்தேன். மகளுக்கு நல்லது செய்கிறேன் என்று நெஞ்சு நிறைந்துபோய்க் கொடுத்தேன்.

இதையெல்லாம் நான் அப்போது டீச்சரிடம் சொல்லவில்லை. கத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறவள் எப்படிச் சொல்வாள்? அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கோவம் பிறகு இருக்கட்டும்மா. காவியா காலப் பாத்தீங்களா?" என்றார்.

வகுப்பிலிருந்து அவளைக் கூப்பிட்டு வந்து, ஷூவைக் கழற்றச் சொன்னார். சாக்ஸ் இருந்த இடத்தில் வளையம் போட்டதுபோலப் பள்ளம். டீச்சர் கணுக்காலுக்கு மேலே முன்பக்கம் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது. நிரம்புவதற்கு வெகுநேரம் ஆனது. பதினைந்து நாளைக்கு முன்னால் ஷூ பத்தவில்லை என்று அவள் சொன்னபோது, பிள்ளை வளருகிறாள் என்று நான் சந்தோஷப்பட்டேன். ஒரு நம்பர் பெரிதாக வாங்கிக் கொடுத்தேன்.

"இப்படி இருந்தா உடனே அனுப்பணும்னு சொல்லியிருக்காங்க. நானும் வாரேன், கிளம்புங்க" என்றார் டீச்சர். தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கி, திட்டத்தில் கொடுத்திருந்த சீட்டு ஒன்றை நிரப்பி முத்திரை வைத்துக்கொண்டு வந்தார். அவரைத் திட்டி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. டவுன் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தார்.

கோவில்பட்டி அரசு ஆஸ்பத்திரியில் அந்தச் சீட்டைக் காட்டியதும் நேரே டாக்டரிடம் அனுப்பினார்கள். ரத்தமும் சிறுநீரும் எடுத்துக்கொண்டார்கள். டாக்டர் இளவயதுக்காரர், பொறுமையாகக் கேட்டார்.

"என்ன மாத்திரைம்மா? எத்தன? எவ்வளவு நாளா?"

"ஒரு நாளைக்கு ரெண்டு சார். ஒரு மாசமா" என்றாள் காவியா.

"யாரு குடுத்தா?"

"நானே கடையில வாங்கிப் போட்டுக்கிட்டேன் சார்."

அவர் எழுதிக்கொண்டார். "ஒரு மாசந்தானே, பயப்படாதீங்க. மாத்திரைய நிறுத்துனாலே பெரும்பாலும் சரியாப் போகும். ரத்த ரிசல்ட் சாயங்காலம்தான் வரும். வீட்டுக்குப் போயிட்டு நாளைக்கழிச்சு வந்து காட்டுங்க."

எழுந்து போய்விட்டிருக்கலாம். டாக்டரே போகச் சொல்லிவிட்டார். மகள் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். எங்கள் வீட்டில் வெற்றிலைகூடக் கிடையாது என்று காலையில் நான் கத்திய அந்த டீச்சர் என் பக்கத்திலேயே நிற்கிறார். ஒரு மாதத்துக்கும் எட்டு மாதத்துக்கும் அப்படி என்ன வித்தியாசம் வந்துவிடும் என்று என் மனசு எனக்கே வக்கீலாக நின்று பேசியது. கதவுவரை போனேன். காவியாவின் ஷூ விளிம்பு அவள் கணுக்காலில் பதிந்து கிடந்தது. அந்தத் தடத்தைப் பார்த்தபிறகு என்னால் ஒரு எட்டுகூட வைக்க முடியவில்லை.

"சார், அவ பொய் சொல்லுதா" என்றேன். "ஒரு மாசமில்ல, எட்டு மாசம். அவ வாங்கல. நாந்தான் குடுத்தேன். எங்கையால குடுத்தேன்."

காவியா என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, சொல்லாதம்மா! உன்னப் பிடிச்சிட்டுப் போயிருவாங்க!"

அப்போதுதான் விளங்கியது. முந்தின வாரம் வகுப்பில், சின்னப் பிள்ளைகளுக்குப் போதைப்பொருள் கொடுக்கிறவர்களுக்கு ஜெயில் என்று சட்டத்தைச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வகுப்பில் மாத்திரையும் இந்தப் பாடம்தான் என்றிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டு, அம்மாவுக்கு விலங்கு மாட்டிவிடுவார்கள் என்று பதினாலு வயதுப் பிள்ளை தனக்குள்ளேயே பயந்து, எனக்காகத் தாளிலும் பொய் எழுதி, டாக்டரிடமும் பொய் சொல்லியிருக்கிறாள். நான் அந்த ஆஸ்பத்திரித் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். நான் ஊரறியக் கத்தியிருக்கிறேனே தவிர ஊரறிய அழுதது அன்றைக்குத்தான்.

டாக்டர் முன்பு எழுதியதை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினார். "நல்லவேள சொன்னீங்க. இப்ப வீட்டுக்கு வேண்டாம். இங்கயே இருக்கட்டும்" என்றார். தீபலட்சுமி டீச்சர் குனிந்து என் கையைப் பிடித்துத் தூக்கினார். "யாரும் யாரையும் பிடிச்சிட்டுப் போகமாட்டாங்க காவியா. உங்கம்மா இப்பச் சொன்னதுதான் உனக்கு மருந்து" என்றார். என்னைப் பார்த்து ஒரு குத்தல் வார்த்தை சொல்வார் என்று இன்றைக்குவரை எதிர்பார்க்கிறேன். சொல்லவில்லை.

சாயங்காலம் ரிசல்ட் வந்தது. ரத்தத்தில் உப்பு கூடியிருக்கிறது, சிறுநீரகம் சோர்ந்துபோயிருக்கிறது என்றார்கள். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் ஓடிவிட்டு அதற்குமேல் இந்த மாத்திரையும் போட்டால் இப்படித்தான் ஆகுமாம். அன்றைக்கு வீட்டுக்குப் போயிருந்தால் பிள்ளை கால்வலி என்று சொல்லியிருப்பாள், நான் கடைசியாக ஒன்று என்று கொடுத்திருப்பேன். எனக்கு என்னைத் தெரியும். மறுநாள் திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஒன்பது நாள் வார்டில் இருந்தோம். என் வீட்டுக்காரர் ஆட்டைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத் தினமும் பஸ் ஏறி வந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

வார்டில் ஒருநாள் காவியாவிடம் கேட்டேன். "கால் வீங்குச்சே, ஏட்டி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொன்னா நீ மாத்திர குடுப்ப. போட்டா வலி தெரியாது. அப்புறம் சொல்லுததுக்கு என்ன இருக்கு?" என்றாள்.

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பதினைந்து நாளைக்கு ஒரு தடவை ரத்தம் பார்த்தார்கள். உப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஒவ்வொரு தடவையும் ரிசல்ட் வரும்வரை நான் ஆஸ்பத்திரி வராண்டாவில் நடந்துகொண்டே இருப்பேன். மாவட்ட அணிக்கு ஆள் எடுத்தபோது காவியா வீட்டில் படுத்திருந்தாள். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதாள், நான் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தேன். கார்த்திகை மாதக் கடைசியில் டாக்டர் சீட்டை நீட்டி, "எல்லாம் சரியாயிட்டு. மெதுவா வெளயாட விடுங்க" என்றார். நான் அவர் காலில் விழப்போனேன். அவர் பதறி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டார்.

எனக்கும் ரத்தம் பார்த்தார்கள். எல்லையில் நிற்கிறது, நிறுத்திவிடுங்கள் என்றார்கள். நிறுத்திய முதல் இரண்டு வாரம் இடுப்பும் தலையும் பட்ட பாட்டை எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். ஆபீஸில் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குச்சி அடைக்கிற வெயிலுகந்தம்மாள் மதினி, "டாக்டரம்மா வந்துட்டாங்க, வழி விடுங்கட்டி" என்று கேலி செய்தாள். ஆனால் தீபலட்சுமி டீச்சர் ஒருநாள் டீ நேரத்துக்குப் பயிற்சியில் கொடுத்த படப்புத்தகத்தோடு வந்து எங்களோடு தரையில் உட்கார்ந்து பேசியபோது, முதல் ஆளாகத் தன் கால் வீக்கத்தைக் காட்டியது அந்த மதினிதான். ஆவுடைத்தாய் அக்கா இப்போது டீயை மட்டும்தான் கொண்டுவருகிறாள்.

பஸ் வரவில்லை என்றாலும் தண்ணீர் வரவில்லை என்றாலும் நான் அரசாங்கத்தைத் திட்டுகிறவள். இனிமேலும் திட்டுவேன். ஆனால் அந்தத் தாளை அச்சடிக்க வேண்டும் என்று யோசித்தது யாரோ, டீச்சரைத் தூத்துக்குடிக்கு அனுப்ப வேண்டும் என்று கையெழுத்துப் போட்டது யாரோ, அந்தச் சீட்டோடு வருகிற பிள்ளையை நிற்கவைக்காதீர்கள் என்று சொன்னது யாரோ, அவர்கள் முகம் எனக்குத் தெரியாது. அவர்கள் பிள்ளைகுட்டி நன்றாக இருக்கட்டும். பெற்றவள் நான் பார்க்காததை அவர்கள் போட்ட கோடுகளுக்குள் என் மகள் எழுதிக் கொடுத்தாள். டீச்சரிடம் இதைச் சொல்லப் போனேன். வீட்டு ஆட்டுப்பால் ஒரு செம்பு கொண்டுபோயிருந்தேன், அதை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்கழியில் காவியா மறுபடி மைதானத்தில் இறங்கினாள். நான் வேலை முடிந்து நேரே அங்கே போய்விடுவேன். மூன்றாம் நாள், பந்து வேகமாக வந்து அவள் கெண்டைக்காலில் அடித்தது. கீழே உட்கார்ந்தவள் எழுந்து, சாரிடம் ஏதோ சொல்லிவிட்டு, நொண்டிக்கொண்டு கோட்டுக்கு வெளியே என்னைப் பார்த்து வந்தாள். அந்த இடத்தைவிட்டு நான் அசையவில்லை, அவளாக வரட்டும் என்று நின்றேன்.

என் முன்னால் வந்து, "அம்மா, வலிக்குதும்மா" என்றாள்.

ஒரு வருடத்தில் அவள் என்னிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. புழுதியில் உட்கார்ந்து அவள் காலைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"எங்கனட்டி?" என்று கேட்டேன். விரலை வைத்துக் காட்டினாள்.